கொள்ளைநோயும் கடைவிலையும்

1344 ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலம் ஒன்று, காற்று மாறியதால் வழிதவறி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் வந்திறங்கியவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுனு பதூதா. அவர் ‘பத்தாலா’ என்று எழுதிய பட்டினம் இன்றைய புத்தளமே என்பது அறிஞர் பலருடைய கொள்கை. அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைப் பரிசாக நல்கி, சிவனொளிபாதமலைக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பிவைத்தான் என்பது பாடநூல் படித்தோர் யாவரும் அறிந்த செய்தி. ஆயின் அக்கரையிலே அவர் கண்ட மற்றொரு காட்சியைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கடலோரமெங்கும் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தனவாம். மாபார் நாட்டாரும் மலையாளத்தாரும் அவற்றை விலையின்றியே ஏற்றிச் சென்றனர். அரசனுக்குத் துணிவகைகளை மட்டும் காணிக்கையாகக் கொடுத்தனர்.

புத்தளக் கரையில் விலையற்றுக் கிடந்த கறுவா, அலெக்சாந்திரியாவையும் வெனிசு நகரையும் சென்று சேர்ந்தபொழுது செல்வர் வீட்டுப் பண்டமாயிற்று. இடைவழியில் அக்கட்டைக்குப் புதிதாக எக்குணமும் வந்து சேர்ந்துவிடவில்லை. அதைச் சுமந்தோர், கலம் ஓட்டினோர், ஒட்டகம் நடத்தினோர், பண்டசாலையிற் காவல் இருந்தோர் என எண்ணற்றோர் கை அதன்மேற் பட்டிருந்தது. சுங்கம் கேட்டு நீண்ட கைகளும் சில உண்டு. இக்கைகள் ஒருநாளில் அற்றுப்போயின் என்னாகும்? இபுனு பதூதா இலங்கையை விட்டு நான்கு ஆண்டுகள் கழியுமுன் உலகின் பெரும்பகுதி இக்கேள்விக்கு விடை காண நேர்ந்தது.

1348 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவர் சிரியா நாட்டு அலெப்போவில் இருந்தார். காசா நகரில் நோய் கண்டுள்ளதென்றும் ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர் என்றும் செய்தி வந்தது. பின்னாளில் ‘கறுப்புச் சாவு’ என்று பெயர் பெற்ற பெருங்கொள்ளைநோய் அதுவே. டமாஸ்கஸ் நகரை அவர் அடைந்தபோது அங்கும் நோய் முற்றியிருந்தது. நகரத்து ஆளுநன் மக்கள் யாவரும் மூன்று நாள் நோன்பிருக்க வேண்டுமென்று பறையறைவித்தான். பகலிற் சந்தையில் எவரும் உணவு சமைக்கலாகாதென்றும் கட்டளையிட்டான். அந்நகர மக்களிற் பெரும்பாலோர் சந்தையிலே ஆக்கி விற்கும் உணவையே உண்பவர் என்று இபுனு பதூதா எழுதுகிறார். ஆதலால் அடுப்பணைக்கும் ஆணை நகரம் முழுவதையும் நோன்பிருக்கச் செய்யும் ஆணையாகவே முடிந்தது. நோன்பு முடிந்ததும் முசிலிம்களும் யூதரும் கிறித்தவரும் தத்தம் மறைநூல்களை ஏந்தி, ‘பாதச்சுவடுகளின் பள்ளிவாசல்’ என்று வழங்கிய தலத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். நான்காண்டுக்கு முன் நமது மலையுச்சியில் ஒரு பாதச்சுவட்டைத் தரிசித்த அதே மனிதர் இதனையும் கண்டு எழுதிவைத்தார்.

எகிப்தின் நிலையைப் பின்னொரு தலைமுறையிற் பிறந்த அல்மக்ரீசி என்னும் வரலாற்றாசிரியர் தொகுத்துரைத்துள்ளார். கெய்ரோ நகரத்துக்குக் குடிநீர் நைல் நதியிலிருந்து வந்தது. தோற்பைகளில் நீரை முகந்து, ஒட்டகத்தில் ஏற்றியோ முதுகிற் சுமந்தோ வீடுகளுக்குக் கொண்டுவருவது ஒரு தொழில். நைல் நதி 1348 ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வழக்கம்போலவே ஓடியது. அதன் நீருக்கு எவரும் விலை கேட்கவில்லை. ஆயினும் ஒரு தோற்பை நீர் எட்டுத் திர்கம் வரை விலையேறிற்று என்கிறார் அல்மக்ரீசி. சுமக்க ஆளும் இல்லை, ஒட்டகமும் இல்லை என்பதே அதற்கு அவர் கூறும் காரணம். கோதுமையை அரைத்துக் கொடுக்கும் கூலியும் அவ்வாறே உயர்ந்தது. அதே வேளையில் மாண்டோருடைய உடுபுடவைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் வாங்குவாரின்றி மிகமிக மலிந்தன. கைத்தொழிலாளர் பலர் தம் தொழிலைக் கைவிட்டுப் பிரேத ஊர்வலத்தில் ஓதுவோராய் மாறினர். அவ்வாண்டில் அதற்குத்தான் வருவாய் மிகுதி.

நீர், மா, துணி என்னும் மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். ஏற்கெனவே செய்துமுடித்து வீட்டிற் கிடந்த பொருள்கள் மலிந்தன. அன்றன்று ஒருவர் கையால் ஆக வேண்டியவை அருமையாயின. சந்தையிற் பொருள் குறைந்துவிட்டது என்று மட்டும் கூறுவது நோய்க்காலத்து விலையை விளக்கப் போதாது.

இதனை இன்னும் நுணுக்கமாகக் காண்பதற்கு இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தைப் போன்ற இடம் வேறில்லை. வாணிகர் நகரமாதலால் அங்கே யாவரும் கணக்கெழுதிப் பழகியவர். சாவின் நடுவிலும் விலைகளைக் குறித்து வைத்தனர். நோய்க்கு முந்திய ஆண்டு அந்நகரத்துக்குப் பஞ்ச ஆண்டு. 1346 இல் மழை கெடுத்த விளைச்சல் பொய்த்துப்போக, நகரசபையார் தூரதேசங்களிலிருந்து தானியம் வரவழைத்து, அப்பம் சுட்டு, சீட்டுக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டனர். இலங்கையில் ஒருகாலத்திற் கூப்பன் என்று வழங்கிய பங்கீட்டு முறைக்கு இஃது ஒரு மூதாதை எனலாம். 1347 ஏப்பிரல் மாதத்தில் இவ்வாறு அப்பம் பெற்ற வாய்கள் 94,000 என்று யோவானி வில்லானி கணக்கிட்டுள்ளார். நகரத்தின் வரலாற்றை ஆண்டுதோறும் எழுதிவந்தவர் அவர். மறு ஆண்டு நோயைப் பற்றி எழுதத் தொடங்கி, ‘இந்நோய் இன்ன காலம் வரை நீடித்தது’ என்னும் இடத்தில் முடிவுக்காலத்தைப் பின்னர் இட்டு நிரப்ப எண்ணி வெற்றிடம் விட்டிருந்தார். அதனை நிரப்புமுன் அந்நோயே அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய தம்பி மத்தேயோ வில்லானி ஏட்டைக் கையிலெடுத்துத் தொடர்ந்தார்.

அக்காலத்திற் சிறுவராயிருந்த மாக்கியோனே ஸ்தெபானி என்பவர் பின்னர் எழுதிய நாளாகமம் ஒன்றும் உண்டு. அதிலே புளோரன்ஸ் நகரத்துக் கடைத்தெரு கண்முன்னே நிற்கிறது. தொழிற்சாலைகளும் மதுச்சாலைகளும் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தவை மருந்துக்கடைகளும் தேவாலயங்களுமே. முட்டை ஒன்று பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு தெனாரி வரை விற்றது. நகரம் முழுதும் அலைந்து நாளொன்றுக்கு மூன்று முட்டை பெற்றவன் பாக்கியசாலி எனப்பட்டான். சீனி ஓர் இறாத்தல் மூன்று முதல் எட்டுப் பொற்காசு வரை ஏறிற்று. இவற்றின் விலை ஏன் இவ்வாறு பறந்தது என்பதை அறிய, அந்நாளில் நோயாளிக்கு ஊட்டியது யாது என்பதை நினைத்தல் வேண்டும். கோழிச்சாறும் முட்டையும் சீனிப்பாகும் பிணியாளர் உணவு. சீனி அன்று தேநீருக்கு இடும் பண்டமன்று. மருந்துக்கடையில் நிறுத்து விற்ற சரக்கு. வீட்டுக்கொருவர் படுக்கையில் விழுந்தபோது, இச்சில பண்டங்களின்மேல் மட்டும் நகரம் முழுவதும் ஒருங்கே பாய்ந்தது. வேலியோரத்துச் செடிகளாகிய காஞ்சொறி போன்றவற்றைப் பறித்து மருந்தென்று விற்றோரும் பெரும்பொருள் திரட்டினர். வைத்தியரோ, கிடைத்த சிலரும், வாயிலைத் தாண்டுமுன்னரே கைநிறையப் பணம் கேட்டனர். நோயாளிக்குப் பணிவிடை செய்ய வந்தோர் நாளொன்றுக்கு ஒரு பொற்காசு முதல் மூன்று வரை கேட்டனர்.

எல்லாவற்றினும் மெழுகின் கதை விந்தையானது. ஈமச்சடங்கில் மெழுகுதிரி பிடித்துச் செல்வது புளோரன்ஸ் மக்களுக்குக் குலப்பெருமை. ஒருவீட்டார் பத்துத் திரி பிடித்தால் அடுத்த வீட்டார் இருபது பிடிப்பர். நாள்தோறும் நூற்றுக்கணக்கான சடங்குகள் நிகழவே மெழுகு கிடையாப் பொருளாயிற்று. இங்கே நகரசபையார் விலையைக் கட்டுப்படுத்த முயலவில்லை. ஒரு சடங்குக்கு இரண்டு பெருந்திரிகளுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்று விதித்தனர். இவ்விதி இல்லாதிருப்பின் மெழுகின் விலை எங்குச் சென்று நின்றிருக்குமோ என்று ஸ்தெபானியே வியக்கிறார். துக்க உடைக்குரிய துணியும் அவ்வாறே. மூன்று பொற்காசு பெற்ற உடை முப்பதுக்கு விற்றது. பக்கத்து நகரமாகிய பிஸ்தோயாவில் 1348 மே மாதத்தில் இயற்றிய விதிகள், கைம்பெண்ணைத் தவிர வேறெவரும் துக்கத்துக்கெனப் புத்தாடை அணியலாகாது என்று தடுத்தன. மாண்டோர் அணிந்த பழந்துணி நகருக்குள் வருவதையும் அவை தடைசெய்தன. பழங்கால ஆட்சியாளர் செய்தன யாவும் பேதைமை என்று எண்ணுவோர் இவ்விதிகளை ஒருமுறை படித்தல் நன்று. மெழுகு செய்யும் ஆளைத் தண்டிக்காமல், மெழுகு கேட்கும் ஆரவாரத்தைக் குறைத்தது அறிவுடைய செயலேயாகும்.

நகர மதிலுக்கு வெளியே நிலை வேறு. போக்காச்சியோ தமது தெக்கமெரோன் நூலின் முன்னுரையில், கமக்காரர் மாண்டும் மனஞ்சோர்ந்தும் போனதால் மாடும் ஆடும் கோழியும் வீட்டைவிட்டு நீங்கி, அறுவடையாகாத வயல்களிலே விருப்பம்போல் மேய்ந்து திரிந்ததை எழுதியிருக்கிறார். ஆக, நகரத்துள்ளே ஒரு முட்டைக்காக மக்கள் அலைந்த அதே வேனிலில், சில கல் தொலைவில் கோழிகள் உடையவரின்றித் திரிந்தன. கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்த அந்தக் கமக்காரப் பெண்ணே இரண்டுக்கும் இடையில் இல்லாமற்போனவள்.

நோய் தணிந்தபின் மத்தேயோ வில்லானி ஒரு புதிரை எழுப்பினார். உண்ணும் வாய்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. நிலமோ அப்படியே இருக்கிறது. ஆதலால் எல்லாம் மலியும், எங்கும் நிறைவு பொங்கும் என்றே மக்கள் எதிர்பார்த்தனர். நடந்தது நேர்மாறு. பெரும்பாலான பொருள்கள் முன்னையினும் இருமடங்கும் அதற்கு மேலும் விலையேறின. எல்லாத் தொழிலின் கூலியும் ஒழுங்கின்றி உயர்ந்தது. வீட்டு வேலைக்காரப் பெண்ணும் குதிரைக்காரப் பையனும் ஆண்டுக்குப் பன்னிரண்டு பொற்காசு கேட்டனர். கைதேர்ந்தோர் பதினெட்டும் இருபத்துநான்கும் கேட்டனர். நிலத்தை உழுவோர் மாடும் விதையும் உடையவரே தரவேண்டுமென்றனர்; நல்ல நிலத்தை மட்டும் ஏற்று மெலிந்த நிலத்தைக் கைவிட்டனர். பொதுமக்கள் செத்தவருடைய பட்டாடைகளை அணிந்து வேலைக்குச் செல்ல மறுத்தனர் என்றும் அவர் மனம் வெதும்புகிறார். இன்னொரு செய்தியும் அவர் தருகிறார். மரணப்படுக்கையிற் கிடந்தோர் ஏழைகளுக்கென எழுதிவைத்த பணம் ஓர்சன்மிக்கேல் என்னும் தருமசபைக்கு மூன்றரை இலட்சம் பொற்காசுக்குமேற் சேர்ந்ததாம். ஆனால் அதனைப் பெறவேண்டிய ஏழைகள் பெரும்பாலும் மாண்டுபோயிருந்தனர்.

புதிருக்கு மத்தேயோ கண்ட விடை, மனிதருடைய நன்றிகெட்ட தன்மை என்பதாகும். தமையனை இழந்து, நகரத்திற் பாதியை இழந்த ஒருவர் அவ்வாறு எழுதியதைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அவர் எழுதிய விவரங்களே அவருடைய விடையை மறுக்கின்றன. நிலம் குறையவில்லை என்பது மெய். ஆனால் நிலம் தானே அப்பமாகாது. உழவன், அறுப்பவன், அரைப்பவன், வண்டிக்காரன், அப்பம் சுடுவோன் ஆகிய ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கூலி. ஆள் அரிதாகி ஒவ்வொரு கூலியும் ஏற, அவையெல்லாம் கூடிக் கடைசியிலே கடைக்காரன் சொல்லும் ஒரே விலையாக வெளிப்பட்டன. மேலும், மனிதர் மாண்டாலும் அவர்கள் பேழையில் இருந்த பொற்காசு மாளவில்லை. அதே காசு இப்பொழுது பாதிப் பேரிடம் இருந்தது. இரண்டிரண்டு மரபுரிமை பெற்று எதிர்பாராத செல்வம் அடைந்தோர் முன்பு வாங்காத துணியையும் இறைச்சியையும் வாங்க விரும்பினர்.

இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு நோய் செல்லச் சில மாதங்களே பிடித்தன. 1348 கோடையில் டோசெற் கோட்டத்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, மறு ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் பரவியது. மக்களில் மூன்றிலொரு பங்கு முதற் பாதிவரை மாண்டனர் என்பர். அங்கே நிகழ்ந்ததைக் கூறுபவர் லெஸ்டர் நகர மடத்துத் துறவியாகிய ஹென்றி நைட்டன். அவர் வரைந்த சித்திரத்தின் முதற்பகுதி விலையேற்றமன்று, விலைவீழ்ச்சி. சாவின் அச்சத்தால் எவரும் பொருளைப் பேணவில்லை. நாற்பது சிலிங் பெற்ற குதிரை ஆறு சிலிங் எட்டுப் பென்சுக்குக் கிடைத்தது. கொழுத்த எருது நான்கு சிலிங், பசு பன்னிரண்டு பென்ஸ், ஆட்டுக்குட்டி இரண்டு பென்ஸ். ஆடுகளும் மாடுகளும் மேய்ப்பாரின்றிப் பயிருக்குள் அலைந்து, வரம்போரத்திலும் பள்ளங்களிலும் செத்துக் கிடந்தன.

அடுத்த அறுவடையில் சக்கரம் மறுபுறம் சுழன்றது. எட்டுப் பென்சும் உணவும் கொடாமல் அருவிவெட்டுக்கு ஆள் வரவில்லை. புல்லறுப்போன் பன்னிரண்டு பென்ஸ் கேட்டான். வெட்டுவாரின்றிப் பல இடங்களில் விளைந்த பயிர் வயலிலேயே அழிந்தது. பின்னர் அன்றாடப் பண்டங்கள் யாவும் ஏறி, ஒரு பென்ஸ் பெற்றது நான்கும் ஐந்தும் ஆயிற்று என்கிறார் நைட்டன். இவ்விடத்தில் வாசகர் சிறிது எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். நைட்டன் எழுதியது பல ஆண்டு கழித்து. பண்ணைகளின் கணக்கேடுகள் ஏற்றத்தைக் காட்டினும் இத்துணைப் பேரேற்றத்தைப் பொதுவாகக் காட்டவில்லை. உப்பும் இரும்பும் மிக ஏறின என்பது அவ்வேடுகளாற் பெறப்படும் உண்மை. இரண்டும் ஆளுழைப்பால் ஆகி, தூரத்திலிருந்து வரும் சரக்குகள் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாம் எட்வேட் மன்னனுடைய அரசு இதனை எதிர்கொண்ட விதமே ஐரோப்பிய வரலாற்றில் நெடுங்காலம் நினைவில் நின்றது. நோய்க்கு அஞ்சிப் பாராளுமன்றம் கூட முடியவில்லை. ஆகவே 1349 யூன் 18 ஆம் நாள் மன்னனும் ஆலோசனைச் சபையும் ‘தொழிலாளர் கட்டளை’ ஒன்றைப் பிறப்பித்தனர். அறுபது வயதுக்கு உட்பட்ட, உடல்வலிமையுள்ள, சொந்த நிலமோ தொழிலோ அற்ற ஆணும் பெண்ணும் அழைத்த வேலைக்குச் செல்லுதல் வேண்டும், நோய்க்கு முன், அதாவது 1346, 1347 ஆம் ஆண்டுகளில், வழங்கிய கூலியையே பெறுதல் வேண்டும், மறுப்போருக்குச் சிறை. வலிய உடம்புடைய இரப்போனுக்குப் பிச்சையிடுவதும் குற்றம். அதே கட்டளையில் உணவுப் பண்டங்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. இறைச்சிக்கடைக்காரர், மீன் விற்போர், சத்திரக்காரர், மதுவடிப்போர், அப்பம் சுடுவோர் முதலியோர் நியாய விலைக்கே விற்க வேண்டும். மிகைவிலை வாங்கியோர் வாங்கியதன் இருமடங்கைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

நியாய விலை யாது என்பதற்கு அக்கட்டளை கூறும் இலக்கணம் நோக்கத்தக்கது. அக்கம்பக்கத்து ஊர்களின் விலையை ஒட்டியதாகவும், பண்டம் எவ்வளவு தொலைவிலிருந்து சுமந்துவரப்பட்டது என்பதற்கேற்ற மிதமான ஊதியம் உடையதாகவும் அஃது இருத்தல் வேண்டும். சுமைகூலி விலையின் ஒரு பகுதி என்பதை அரசனுடைய எழுத்தரும் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். உணவு விற்போனுக்கு அவ்வாறு நெகிழ்ந்து கொடுத்த அதே ஏட்டில், சுமப்பவனுக்கு மட்டும் நோய்க்கு முந்திய கூலி என்று இரும்புக்கோடு இடப்பட்டது. விலைக்குரிய பிரிவில் ‘நியாயம்’ என்னும் சொல். கூலிக்குரிய பிரிவில் ஆண்டும் எண்ணும். சட்டம் யாருடைய கையால் எழுதப்பட்டது என்று வேறு சான்று தேடவேண்டியதில்லை.

கட்டளை பயன்படவில்லை என்று நிலப்பிரபுக்கள் முறையிட, 1351 பெப்புருவரியிற் கூடிய பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கி, ஒவ்வொரு தொழிலுக்கும் எண்ணிட்டது. வைக்கோற் புல் உலர்த்துவோருக்கு நாளொன்றுக்கு ஒரு பென்ஸ், புல்லறுப்போருக்கு ஐந்து, அருவிவெட்டுக்கு ஓகஸ்ட் முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் முதல் மூன்று, தலைமைத் தச்சனுக்கு மூன்று, தலைமைக் கற்கொல்லனுக்கு நான்கு. தொழிலாளர் ஆண்டுக்கு இருமுறை சத்தியம் செய்தல் வேண்டும். மறுப்போரை மாட்டிவைக்க ஊர்தோறும் தொழுமரம் நடவேண்டும். வசூலாகும் தண்டம் அவ்வூரார் அரசனுக்குச் செலுத்தும் வரியிற் கழிக்கப்பட்டமையால், அயலானைக் காட்டிக்கொடுப்பதில் ஊராருக்கும் ஓர் ஆதாயம் இருந்தது. எசெக்ஸ் கோட்டத்தில் மட்டும் 1352 ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் தண்டம் இறுத்தனர். அவருட் பெண்களும் பலர். உணவுக்கு மிகைவிலை கேட்டோர்மீதும் வழக்குகள் நடந்தன. ஆயினும் நீதிபதிகளின் ஏடுகளிலே மிகப் பெரும்பாலானவை கூலி வழக்குகளே.

குருமாரும் இதற்கு விலக்கல்லர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பங்குகளிற் பூசை செய்யக் குருமார் அரியராகவே, முன்பு சில மார்க்குப் பணத்துக்கு இசைந்தோர் இருபது மார்க்குக் கேட்டனர் என்று நைட்டன் எழுதுகிறார். 1350 இல் கன்ரபரிப் பேராயர் குருமாருக்கும் ஊதிய எல்லை வகுத்து ஆணையிட்டார். ஏரோட்டியின் பேராசையைக் கண்டித்துப் பிரசங்கித்தோரும் தம் ஊதியத்தை உயர்த்திக் கேட்ட காலம் அது.

சட்டம் முற்றிலும் வீண் என்று கூறிவிட முடியாது. சில ஆண்டுகள் கூலியேற்றத்தை அது தடுத்துவைத்தது. ஆயினும் அதனைக் கொணர்ந்த பிரபுக்களே அதனை மீறினர். பயிர் முற்றி நிற்கையில் சட்டத்தைப் பார்த்து நிற்கும் உடைமைக்காரன் எவன்? கணக்கேட்டில் மூன்று பென்ஸ் என்று எழுதி, மறைவாகக் கோதுமையும் மதிய உணவும் அளித்து ஆள் சேர்த்தனர். 1361 இல் நோய் மீண்டும் வந்து சிறுவரை மிகுதியாகக் கொண்டுபோயிற்று. அவ்வாண்டிலேயே, வேலையைவிட்டு ஓடியவன் நெற்றியிற் சூடுபோடலாம் என்று ஒரு சட்டம் இயற்றினர். 1363 இல் உணவிலும் உடையிலும் கைவைத்தனர். ஏவலாளர் நாளொன்றுக்கு ஒருமுறையே இறைச்சியோ மீனோ உண்ணலாம். ஏரோட்டியும் மாட்டுக்காரனும் முரட்டுத்துணியே உடுக்கலாம் என்றனர். ஏழை இறைச்சி உண்டால் இறைச்சி விலை ஏறும் என்பது அவர்கள் கணக்கு. அவ்விதி இரண்டாண்டுக்குள்ளே நீக்கப்பட்டது. எவன் தட்டில் என்ன இருக்கிறது என்று வீடுதோறும் சென்று பார்க்க ஏவலர் போதுமோ?

தானிய விலை மேலும் ஒரு தலைமுறைக்காலம் உயர்ந்தே நின்றது. கூலி ஏறியும் அதனால் வாங்கக்கூடியது அதிகரிக்கவில்லை என்பதே அவ்விருபத்தைந்து ஆண்டுகளின் துயரம். 1375 ஆம் ஆண்டளவில் நல்ல விளைவுகள் தொடர்ந்து வர, தானியம் மலிந்தது, கூலியோ இறங்கவில்லை. ஏழையின் கையில் முதன்முறையாக மிச்சம் தங்கிய அவ்வேளையிலே, பிரெஞ்சுப் போருக்கென அரசு தலைவரி கேட்டது. 1381 இல் எசெக்சிலும் கென்றிலும் மூண்ட கலகம் இலண்டன் வரை சென்றது. ஊர்தோறும் பண்ணை மன்றங்களின் ஏடுகளைக் கலகக்காரர் தேடித் தீயிட்டனர். சபோக் கோட்டத்தில் அரச மன்றின் தலைமை நீதியரசர் யோன் கவென்டிசு அவர்கள் கையில் அகப்பட்டு மாண்டார். கலகம் சில வாரங்களில் அடங்கிற்று; அதன் தலைவர் வெட்டுண்டனர்; தொழிலாளர் சட்டமும் ஏட்டில் நீடித்தது.

கூலி மட்டும் பழைய எண்ணுக்குத் திரும்பவில்லை. நோபோக் கோட்டத்து செச்போட் என்னும் ஊரில் நோரிச் மடத்தாருக்கு ஒரு பண்ணை இருந்தது. அருவிவெட்டுக்காரருக்கு ஆண்டுதோறும் அளித்த உணவை அங்கே கணக்கெழுதி வைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வாற்கோதுமை அப்பமும் பாற்கட்டியும். இறைச்சி என்பது பெயரளவுக்கு, அதுவும் உப்பிட்டுப் பதப்படுத்தியது. 1424 ஆம் ஆண்டுக் கணக்கில் அப்பம் கோதுமையால் ஆனது. வாற்கோதுமை மது தாராளமாக உண்டு. அறுவடைக்கென அறுத்த மாட்டின் புத்திறைச்சியும் ஆட்டிறைச்சியும் செலவிற் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. 1363 ஆம் ஆண்டுச் சட்டம் ஏவலாளருக்கு மறுத்த உணவைப் பண்ணைக்காரர் தாமே சமைத்துப் பரிமாறி, அந்தச் செலவைத் தம் கையால் எழுதிவைத்தனர்.